கேமராவப் போடு பிள்ள

இந்தப் பைய ஒங்க பக்கமா கொஞ்சம் சாய்ச்சி வச்சிக்கிடட்டுமா அண்ணாச்சி? உள்ள கட்டுரை இருக்கு, பஸ்ஸு குலுங்குததுல கசங்கிரக் கூடாது. நாளைக்குக் காலையில பத்தரைக்கு மதுரையில கருத்தரங்கு. நான் வாசிக்கணும். தலைப்பச் சொன்னா சிரிப்பீங்க. 'இணையவழி நேரலை வகுப்புகளில் கல்லூரி மாணவர்களின் பங்கேற்பு விருப்பத்தைத் தீர்மானிக்கும் காரணிகள்.' சுருக்கமாச் சொன்னா, பிள்ளைக ஆன்லைன் வகுப்புக்கு ஏன் வர மாட்டேங்குது. அம்புட்டுதான். இதுக்குப் பதிலு எனக்கு ஒத்த வரியில தெரியும். ஆனா ஒத்த வரிய வச்சிக்கிட்டுக் கருத்தரங்குக்குப் போக முடியாதுல்லா, பதினாலு பக்கம் வேணும்.

ஒங்க மக இந்த வருசம் காலேஜ் சேந்திருக்குன்னு சொன்னீங்க, அதனால சொல்லுதேன். கேட்டுக்கிடுங்க. இந்தக் காலத்துப் பிள்ளைக எந்த லெச்சணத்துல இருக்குன்னு ஒரு தகப்பனுக்குத் தெரிஞ்சிருக்கணும்.

எம்பேரு ஆவுடைநாயகம். திருநெல்வேலியில ஒரு காலேஜ்ல வணிகவியல் துறை. எந்தக் காலேஜ்னு கேக்காதீங்க, சோறு போடுத இடம். இருபத்தேழு வருசமா வணிகச் சட்டம் நடத்துதேன். ஒப்பந்தம்னா என்ன, சம்மதம்னா என்ன, எது செல்லும், எது செல்லாது. இருபத்திரெண்டு வருசத்துக்கு முன்னால எழுதுன நோட்டு, இன்னைக்கும் அதத்தான் வாசிக்கேன். சட்டம் மாறல, நோட்டு எதுக்கு மாறணும்? எழுபது நிமிசம் நிறுத்தாம வாசிப்பேன். நடுவுல எவனும் கேள்வி கேட்டா எனக்குப் பிடிக்காது. ஓட்டம் போயிரும்.

போன வருசம் எங்க துறைக் கட்டடத்துல மேக்கூரைச் சிமெண்ட் பேந்து விழுந்துட்டு. ஞாயித்துக்கிழமையாப் போச்சு, யாருக்கும் ஒண்ணுமில்ல. எஞ்சினியர் வந்து பாத்துட்டு, மொத்தத்தயும் சரிபண்ணாமச் சான்று தர முடியாதுன்னுட்டாரு. அதனால ஒரு செமஸ்டர் முழுக்க எங்களுக்கு மட்டும் ஆன்லைன். அவங்கவங்க வீட்டுல இருந்து பாடம். எனக்கு ரெண்டாம் வருசம் பி.காம்., மத்தியானம் ரெண்டு மணி வகுப்பு. அறுபத்திநாலு பிள்ளைக.

முத நாள் அம்பத்தெட்டு பேரு வந்துச்சு. ரெண்டாவது வாரம் முப்பத்தொண்ணு. அந்த மாசம் முடியும்போது ஒம்பது. ஒம்பது பேருக்கு நான் தொண்டத் தண்ணி வத்த வாசிக்கேன்.

வந்ததாவது ஒழுங்கா வந்துச்சான்னா, அதுவுமில்ல. திரையப் பாத்தா மொகமே கிடையாது. கட்டம் கட்டமா இருட்டு. ஒரு கட்டத்துல மோட்டார் பைக்கு, இன்னொண்ணுல எவனோ நடிகன், இன்னொண்ணுல பூனக்குட்டி. ஒருத்தன் பேரு 'ராயல் சிங்கம்'. நான் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது, ராயல் சிங்கம் வந்திருக்கான்னு கேக்கணுமாம். அருவருப்பா இல்லயா?

மைக்க அணைக்கத் தெரியாது. ஒரு வீட்டுல குக்கர் விசிலு, இன்னொரு வீட்டுல மாமியா மருமக சண்ட. ஒருத்தன் மத்தியானம் ரெண்டு மணிக்குப் பல்லு விளக்குதான் அண்ணாச்சி. நான் 'முன்மொழிவும் ஏற்பும்' நடத்திக்கிட்டிருக்கேன், அவன் தொண்டைக்குள்ள விரல விட்டு ஓங்கரிச்சிக் காறித் துப்புதான். அம்புட்டும் என் காதுல விழுது. ஹெட்போன்ல கேக்கதுனால எனக்குள்ளயே துப்புன மாதிரி இருந்துச்சு. என்னலன்னு கேட்டா, ராத்திரி மில்லுல வேலையாம், மத்தியானந்தான் எந்திரிப்பானாம். ராத்திரி வேலைக்குப் போன்னு நானா சொன்னேன்?

சரி, ஏன் வரல்லன்னு விசாரிச்சேன். ஒருத்தி கூசாமச் சொல்லுதா, 'சார், நீங்கதான் ரெக்கார்டிங் போடுதீங்களே. அத ரெண்டு மடங்கு வேகத்துல ஓடவிட்டா முப்பத்தஞ்சு நிமிசத்துல முடிஞ்சிருது'ன்னு. எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்க. எல போட்டு வரிசையா வச்சிப் பரிமாறுனத, நின்னுக்கிட்டே வாரி விழுங்கிட்டுக் கையத் தொடச்சிட்டுப் போற மாதிரி. அன்னைக்கே ரெக்கார்டிங்க நிறுத்திட்டேன். கேக்கணும்னா ரெண்டு மணிக்கு வந்து கேளு.

அதோட விடல. அட்டெண்டன்ஸ ஒருதரம் எடுக்காம மூணுதரம் எடுத்தேன். எப்ப எடுப்பேன்னு சொல்ல மாட்டேன். பாதி வாசிப்புல திடீர்னு நிறுத்திப் பேரு கூப்பிடுவேன். பதிலு வரல்லன்னா ஆப்சென்ட். அதுக்கப்புறம் கேமரா. எல்லாரும் கேமரா போட்டே ஆகணும்.

நீங்க நம்ப மாட்டீங்க, ஒரே வாரத்துல அம்பத்திரெண்டு பேரு. ஒண்ணே ஒண்ணத் தவிர எல்லா மொகமும் என்னயப் பாத்துக்கிட்டிருக்கு. என் வீட்டுக்காரிகிட்டச் சொன்னேன், 'பாத்தியா, விருப்பம் விருப்பம்ங்கானே எல்லாவனும், பிடிச்சி இழுத்தா விருப்பம் தன்னால வரும்'னு. அவ சொதிக் கொழம்புக்குத் தேங்கா பிழிஞ்சிக்கிட்டிருந்தா.

அதுலயும் ஒரு திருட்டுப் பய. வைகுண்டராஜன்னு பேரு. கேமரா போட்டு நேரா நிமிந்து உக்காந்திருப்பான். நான் சொல்லச் சொல்லத் தலைய ஆட்டுவான். நல்லாக் கேக்கான்னு எனக்கு அவ்வளவு சந்தோசம். ஒரு வாரம் அவனத்தான் மத்தவங்களுக்கு உதாரணமாச் சொன்னேன், 'வைகுண்டராஜனப் பாத்துக் கத்துக்கிடுங்க'ன்னு. ஒருநாள் அவன்கிட்டயே ஒரு கேள்வி கேட்டேன். தலைய ஆட்டுதான். 'வாயத் தொறந்து சொல்லுல'ன்னேன். அதுக்கும் தலைய ஆட்டுதான். அப்புறந்தான் அவனுக்குப் பின்னால சொவத்துக் கடிகாரத்தப் பாத்தேன். மத்தியானம் ரெண்டே முக்காலுக்கு அதுல ஒம்பது பத்து. தலையாட்டுதத முன்னாடியே படம் பிடிச்சி வச்சிக்கிட்டு, தெனமும் அதையே ஓட்டியிருக்கான் படுபாவி. நான் ஒரு வாரமாப் படத்துக்குப் பாடம் நடத்தியிருக்கேன். சீ.

அதுல இருந்து எனக்கு ஒருத்தர் மேலயும் நம்பிக்க இல்லாமப் போச்சு. அத நீங்க மனசுல வச்சிக்கிடணும். அடுத்தது நடந்தது அதனாலதான்.

முத்துப்பேச்சின்னு ஒரு பிள்ள. இப்பத் தாண்டுனோம்லா கயத்தாறு, அந்தப் பக்கத்துல இருந்து வாரவ. முத நாள்ல இருந்து வகுப்புக்கு வந்திருவா. ஆனா கேமரா மட்டும் போட மாட்டா. நான் அம்பத்தோரு மொகத்தப் பாக்கேன், ஒரு கட்டம் மட்டும் கருப்பாக் கிடக்கு. கண்ணுல துரும்பு விழுந்த மாதிரி உறுத்துதுல்லா.

'கேமராவப் போடு பிள்ள'ன்னேன்.

'நெட்டு நிக்காது சார். கேமரா போட்டா பாடம் விட்டு விட்டுக் கேக்கும்.'

'எல்லாத்துக்கும் நிக்குது, ஒனக்கு மட்டும் நிக்காதோ?'

'சார், நீங்க கேள்வி கேளுங்க, பதில் சொல்லுதேன். எல்லாம் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்.'

பாத்தீங்களா பேரத்த. சரி, அதையும் பாத்துருவோம்னு, அன்னைக்கு நடத்துன பாடத்துல இருந்தே கேட்டேன். 'ஒருத்தர் குடுக்க சம்மதம் எப்பெல்லாம் செல்லாது?'

மூச்சு விடாமச் சொல்லுதா. 'மெரட்டி வாங்குனா செல்லாது சார். ஏமாத்தி வாங்குனா செல்லாது. ஒருத்தர் கைக்குள்ள அடங்கி இருக்கவங்ககிட்ட, அந்த அதிகாரத்த வச்சி வாங்குனாலும் செல்லாது.'

பக்கத்துல புஸ்தகத்தத் தொறந்து வச்சிருப்பா, வேறென்ன. அதப் பிடிக்கத்தான கேமரா போடச் சொல்லுதோம். 'இப்பப் போடு. இல்லன்னா இன்னைக்கு மட்டுமில்ல, இந்த மாசம் முழுக்க ஒனக்கு ஆப்சென்ட்'னு சொன்னேன்.

அப்புறம், 'எம்மா, இந்தப் போன ஒரு அமுக்கு அமுக்கு'ன்னு அவ கேக்கது காதுல விழுந்துச்சு. கேமரா வந்துட்டு.

அண்ணாச்சி, நாங்க சைவம். முட்ட கூட வீட்டுக்குள்ள வராது. அன்னைக்குச் சொதியும் இஞ்சிப் பச்சடியும் சாப்பிட்டு, கால் மணி நேரம் கூட ஆகல. அந்த நேரத்துல திரையில என்ன வருது? கோழிக்கட. பின்னால கூண்டுல வெள்ளக் கோழி நெருக்கியடிச்சிக்கிட்டு நிக்கி. முன்னால புளியமரத்துக் கட்ட, அதுமேல தோலுரிச்சது பாதி, உரிக்காதது பாதி. அந்தப் பிள்ள கையில கத்தி. முழங்கைக்குக் கீழ பூரா ரத்தம். நெத்தியில ஒரு எறகு ஒட்டிக்கிட்டிருக்கு. பக்கத்துல எவனோ, 'ஏம்மா, கா கிலோ ஈரல் இருக்கா?'ன்னு கேக்கான். அவ அம்மா அவனுக்கு எடை போடப் போயிட்டா. இந்தப் பிள்ள கத்தியக் கையில வச்சிக்கிட்டு என்னயவே பாத்துக்கிட்டு நிக்கி.

என் வாயில இருந்து வார்த்த வந்துட்டு. நான் திட்டம் போட்டுச் சொல்லல, வந்துட்டு. 'சீ, அணை. மனுசன் சாப்பிட்டு உக்காந்திருக்கேன். இது வகுப்பா, வெட்டுக்களமா? இந்தக் கைய வச்சிக்கிட்டா நீ புஸ்தகத்தத் தொடுத?'ன்னேன்.

அவளும் அணைக்கத்தான் பாத்தா. கையெல்லாம் ரத்தம், போன எப்படித் தொடுவா? துணியத் தேடுதா. துணி ஆப்பிடல. பாவாடையில தொடச்சிப் பாக்கா, ஈரம் போகல. அம்மாவக் கூப்பிடுதா, அவ கடைக்கு முன்னால நிக்கா. அரை நிமிசம் இருக்கும். அம்பத்தோரு பேரும் பாத்துக்கிட்டுதான் இருந்துச்சு. கடைசியில முழங்கைய வச்சி அமுக்கி அணைச்சா.

அந்த அரை நிமிசம் நான் பட்ட பாட்ட எவனும் நெனச்சிப் பாக்கல, அதான் எனக்கு வருத்தம். ரெண்டு வாரம் எனக்குச் சொதி எறங்கல. வீட்டுக்காரி கேட்டா, 'என்ன, ஒடம்புக்கு முடியலயா?'ன்னு. விசயத்தச் சொன்னேன். அவ தட்ட எடுத்துக்கிட்டுப் போயிட்டா.

மறுநாள் ரெண்டு மணிக்கு நாலு பேரு.

நெட்டு கோளாறுன்னு நெனச்சேன். அதுக்கு மறுநாளும் நாலு. பேரு வாசிச்சி ஆப்சென்ட் போடுதேன், போடட்டும்னு கிடக்கு. என்னன்னு விசாரிச்சா, நான் பேசுனத எவனோ போன்ல பதிவு பண்ணி எல்லாத்துக்கும் அனுப்பியிருக்கான். என் அனுமதி இல்லாமப் பதிவு பண்ணுனது குத்தமா இல்லயா? அதக் கேக்க நாதியில்ல. பிரின்சிபால் அம்மாகிட்டப் போயி நான்தான் புகார் குடுத்தேன்.

அந்தம்மா புகார வாங்கி ஓரமா வச்சிட்டுக் கேக்காங்க, 'சார், ஒங்க வகுப்புக்கு நாலு பேரு. ஜெபராணி வகுப்புக்கு அறுபது. ஏன்னு பிள்ளைககிட்டயே எழுதி வாங்கி, எனக்கு ஒரு அறிக்கை தாங்க.'

துறையில எத்தனையோ பேரு இருக்க, என்னையத்தான் கேட்டாங்க. அனுபவம்னு ஒண்ணு இருக்குல்லா.

ஜெபராணிங்கது எங்க துறையில புள்ளியியல் எடுக்கவ. கௌரவ விரிவுரையாளர். சின்ன வயசு, வேலைக்கு வந்து மூணு வருசம் கூட ஆகல. அவ வகுப்புக்கு அறுபது பேரு வாராங்கன்னா அதுல ஏதோ சூது இருக்குன்னுதான் நெனச்சேன். போன் போட்டு, 'நீ என்னம்மா பண்ணுத?'ன்னு நேராவே கேட்டேன்.

'ஒண்ணும் பண்ணல சார். மொத வாரம் எல்லாப் பிள்ளைகளுக்கும் போன் பண்ணி, வீட்டுல எத்தன போன் இருக்கு, எந்த நேரம் சும்மா இருப்பீங்கன்னு கேட்டேன். நெறயப் பேரு சாயங்காலம் ஆறுன்னாங்க. வகுப்ப ஆறுக்கு மாத்திட்டேன். நாப்பது நிமிசந்தான். வர முடியாதவங்களுக்கு ரெக்கார்டிங் போட்டுருவேன்.'

'கேமரா?'

'எதுக்கு சார்? அவங்க வீடு அவங்களுக்கு.'

எனக்கு வெறுப்பா வந்துச்சு. பிள்ளைக இஷ்டத்துக்கு நாம ஆடணுமாம். சொல்லுததுல எவ்வளவு நெசம்னு பாக்கணும்லா? வீட்டுக்காரிகிட்ட ஒரு டேப்லெட் இருக்கு, சமையல் வீடியோ பாக்க மவன் வாங்கிக் குடுத்தது. அதுல லிங்க் போட்டு உள்ள போனேன். பேரு 'கோமதி'ன்னு காட்டுது. வீட்டுக்காரி பேரு. மாத்தத் தெரியல.

ஒடனே ஜெபராணி, 'கோமதி புதுசா? வாம்மா. மைக் போடாண்டாம், சும்மா கேளு'ங்கா.

நான் சும்மா கேட்டேன். ஆய்வுக்காக.

அன்னைக்கு அவ சராசரி நடத்துதா. எப்படி நடத்துதாங்கீங்க? 'பேச்சி, கடையில கூட்டமா?'ன்னு கேக்கா. எந்தப் பேச்சி? அதே பேச்சி. என் வகுப்புக்கு வராதவ அங்கன இருக்கா. பின்னால கட்டையில கத்தி விழுத சத்தம் டொக்கு டொக்குன்னு கேக்கு, ஒருத்தருக்கும் அது ஒரு பொருட்டாத் தெரியல. 'ரெண்டு பேருதான் மேடம், அம்மா பாத்துக்கிடுவா'ங்கா அவ. 'அப்பச் சரி, இன்னைக்கு எடை போட்டதுல அஞ்சு கோழி எடையச் சொல்லு, நாம சராசரி போடுவோம்.' அவ சொல்லுதா, ஒண்ணு தொள்ளாயிரம், ரெண்டு முந்நூறு, ரெண்டு நூறு, ரெண்டு நானூறு, ரெண்டு. புள்ளியியலுக்குக் கோழி. கேவலம்னா கேவலம், இப்படிக் கேவலத்த நான் பாத்ததில்ல. உள்ள அறுபது பேரும் பதில டைப் பண்ணுதாங்க. ரெண்டு கிலோ நூத்தி நாப்பது வரும். பேப்பர் ஓரத்துல நானும் போட்டுப் பாத்தேன், சரியாச் சொல்லுதாங்களான்னு.

'கோமதிக்குப் புரிஞ்சுதா?'ன்னு கேட்டா. பதில் போடலன்னா சந்தேகம் வரும்லா, அதனால 'புரிந்தது'ன்னு போட்டேன். மறுநாளும் போனேன். அதுக்கு மறுநாளும். ஒம்பது வகுப்பு போனேன் மொத்தம். ஒரு நாள் பாத்துட்டு முடிவுக்கு வரக்கூடாது, ஆய்வுன்னா அப்படித்தான். திட்ட விலக்கம்னு புள்ளியியல்ல ஒரு கணக்கு, நான் படிக்கும்போது எனக்கு அது மண்டையில ஏறவே இல்ல. இப்ப யாரும் கேட்டா சொல்லுவேன்.

ஆனா அறிக்கையில இத எழுத முடியாது. ஒரு வாத்தியாரு ஒளிஞ்சிருந்து கேட்டாருன்னா நல்லாருக்காதுல்லா.

அப்புறம் பிள்ளைககிட்ட எழுதி வாங்குனேன். பேரு போடாண்டாம், நேரலை வகுப்புக்கு வர எது தூண்டுது, எது தடுக்குதுன்னு எழுதுங்கன்னு படிவம் அனுப்புனேன். அம்பத்தேழு வந்துச்சு. வாசிச்சிப் பாத்தா எல்லாம் சாக்கு. 'வீட்டுல ஒரு போன், அத அண்ணன் வேலைக்குக் கொண்டு போயிருவான்.' 'ரெண்டு மணிக்குத் தம்பியத் தூங்கப் போடணும்.' 'வாசிக்கதக் கேக்கதுக்கு நேரலை எதுக்கு, நோட்ட அனுப்புனா போதும்.' பாருங்க திமிர. 'கேள்வி கேட்டா திட்டுவாங்க, கேக்கலன்னாலும் திட்டுவாங்க.' 'ஒரே ரூம் வீடு, கேமராவுல எங்க அப்பா படுத்துக் கிடக்கது தெரியும்.' தெரிஞ்சா என்ன? நான் என்ன அவருகிட்டயா கேள்வி கேக்கப் போறேன்?

ஒண்ணு மட்டும் கொஞ்சம் நீளம். வரி வரியா ஞாபகம் இருக்கு, சொல்லுதேன். 'எனக்கு ஆன்லைன் வகுப்புதான் பிடித்திருந்தது. காலேஜில் என் பக்கத்தில் உட்காருகிறவர்கள் மூக்கைத் திருப்புவார்கள். எத்தனை சோப்பு போட்டாலும் என் கையில் வாடை போகாது. ஆன்லைனில் வாடை வராது. நானும் மற்றவர்கள் மாதிரி ஒரு பேர் மட்டும்தான். அதனால் ஒரு வகுப்பு கூட விடாமல் வந்தேன். இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.' அதுல ரெண்டு எழுத்துப்பிழ. 'மூக்கை'க்கு ஒரு எழுத்து கம்மி, 'மாதிரி'க்குப் பெரிய றகரம். பிரிண்ட் எடுத்துச் செவப்பு மையில திருத்துனேன். திருத்துன தாள யாருகிட்டக் குடுக்கது, பேருதான் இல்லயே. யாரு எழுதுனதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?

அறிக்கைய எழுதி முடிச்சிக் குடுத்தேன். முக்கியக் காரணிகள்: சோம்பல், ஒழுக்கக் குறைவு, கைப்பேசி மோகம், பெற்றோர் கண்காணிப்பு இன்மை. பிரின்சிபால் அம்மா வாசிச்சிட்டு, 'பிள்ளைக எழுதுனது எங்க சார்?'ன்னாங்க. அத எல்லாம் அப்படியே போட முடியுமா? பிற காரணிகள்னு கடைசிப் பக்கத்துல ஒரு பத்தி போட்டிருக்கேன்.

தேர்வு வந்துச்சு. என் பாடத்துல எழுபத்தஞ்சு சதவீதம் வருகை இல்லன்னா ஹால் டிக்கெட் கிடையாது. அந்த நாலு பேரத் தவிர எல்லாருக்கும் கொறஞ்சி போச்சு. ஒவ்வொருத்தரா மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்து எங்கிட்டக் கையெழுத்து வாங்கிட்டுப் போச்சு. முத்துப்பேச்சி மட்டும் வரல. கடைசி நாள் அவ அம்மா அவளக் கூட்டிக்கிட்டு வந்தா. ஸ்டாஃப் ரூம்ல நான், ஜெபராணி, இன்னும் ரெண்டு பேரு. நான் எந்திரிச்சி ஜன்னலத் தொறந்தேன். ஒண்ணுமில்ல, புழுக்கம்.

அந்தப் பொம்பள வாசல்லயே நின்னுக்கிட்டுச் சொல்லுதா, 'ஐயா, பிள்ள மேல தப்பில்ல. அந்தக் கேமராவ அமுக்குனது நாந்தான். எனக்கு என்ன தெரியும், அமுக்குன்னு சொன்னா, அமுக்கிட்டேன். மனசுல வச்சிக்கிடாதீங்க ஐயா.'

பரவாயில்ல, தாயாருக்காவது மரியாத தெரிஞ்சிருக்கேன்னு எனக்குத் திருப்தி. 'சரிம்மா, ஒம் மக ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதட்டும், கையெழுத்துப் போடுதேன்'னேன்.

அந்தப் பிள்ள கேக்கா, 'என்னன்னு எழுதணும் சார்?'

'வகுப்புக்கு வராததுக்கு.'

'நீங்க கேமரா போடச் சொன்ன நாள் வரைக்கும் ஒரு நாள் விடாம வந்திருக்கேன் சார். நோட்டப் பாருங்க.'

பாத்தேன். நாப்பத்தோரு வகுப்பு, நாப்பத்தொண்ணுலயும் வந்திருக்கா. வேற ஒருத்தரும் அப்படி இல்ல. நான் மறைக்கல, இருந்ததச் சொல்லுதேன். ஆனா அதுக்கப்புறம் வரலயே? அதுக்குத்தான கடிதம்?

'அதுக்கப்புறம் ஏன் வரல்லன்னு எழுதட்டுமா சார்?'ன்னா.

கொரல ஒசத்தல, அழல. அவ அம்மா 'ஏட்டி, சும்மா இரு'ன்னு கையப் பிடிச்சா. எனக்குக் கோவம் வந்துட்டு. 'எழுதாட்டிப் போ, கையெழுத்தும் கிடையாது'ன்னேன். அந்தப் பொம்பள ரெண்டு கையயும் சேலக்குள்ள ஒளிச்சிக்கிட்டு நிக்கா. ஜெபராணி எந்திரிச்சிப் போயி, 'அக்கா, நீங்க மொதல்ல உள்ள வந்து உக்காருங்க'ன்னு தன் நாற்காலிய இழுத்துப் போட்டா. அப்புறம் எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம மேசையில இருந்த ஹால் டிக்கெட் படிவத்த எடுத்துக்கிட்டு நேரா பிரின்சிபால் ரூமுக்குப் போயிட்டா. பத்து நிமிசத்துல பிரின்சிபால் கையெழுத்தோட வாரா. இருபத்தேழு வருச சர்வீஸ் அண்ணாச்சி. நேத்து வந்தவ.

அந்தப் பிள்ள தேர்வு எழுதி எழுபத்தொண்ணு வாங்குனா. வெளிய திருத்துன தாளு, அதுல எனக்குப் பங்கில்ல.

ஜனவரியில கட்டடத்துக்குச் சான்று வந்துட்டு. புதுப் பெயிண்ட், புது ஃபேன். அந்த வகுப்புக்கு அடுத்த செமஸ்டரும் சட்டம் நாந்தான். எனக்கு உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி. இனிமே கட்டமும் இல்ல, கருப்பும் இல்ல, நேருக்கு நேரு. உள்ள போறேன், அறுபத்திநாலு பேரும் இருக்கு. ஒருத்தர் பாக்கியில்ல. எல்லாம் எந்திரிச்சி நின்னு வணக்கம் சொல்லுச்சு. முத்துப்பேச்சி மொத பெஞ்சில நடுவுல உக்காந்திருக்கா. ரெண்டு பக்கமும் ரெண்டு பிள்ளைக அவள ஒட்டி நெருக்கி உக்காந்திருக்கு. மில்லுக்குப் போற பய, வைகுண்டராஜன், எல்லாவனும் இருக்கான். நான் அவ பக்கமா நடந்து பாத்தேன். சோப்பு வாசந்தான் அடிச்சுது.

சரி, பழசு எவ்வளவு நிக்குதுன்னு பாப்போம்னு, மொத நாள் பாடத்துல இருந்து லேசா ஒண்ணு கேட்டேன். 'ஒப்பந்தம்னா என்ன?' மொதப் பக்கம், மொத வரி. கொழந்த கூடச் சொல்லும்.

மொத பெஞ்சு ஓரத்துப் பிள்ள எந்திரிச்சி, 'தெரியாது சார்'ன்னு சொல்லிட்டு நின்னா. அடுத்தவளும் 'தெரியாது சார்.' அதுக்கடுத்தவ முத்துப்பேச்சி. அவளும் எந்திரிச்சி, 'தெரியாது சார்'ங்கா. எழுபத்தொண்ணு வாங்குனவ. சரின்னு அடுத்த பெஞ்சு, அதுக்கடுத்த பெஞ்சு. நானும் விடல. ஒருத்தர் விடாம அறுபத்திநாலு பேரையும் கேட்டேன். ஒருத்தன் சிரிக்கல, ஒருத்தன் எதுத்துப் பேசல. எல்லாம் மரியாதையா எந்திரிச்சி, கையக் கட்டி, 'தெரியாது சார்', 'தெரியாது சார்'. முழு மணி நேரமும் அதுலயே போச்சு. கடைசியில நானே போர்டுல எழுதிப் போட்டுட்டு வெளிய வந்தேன். இன்னைக்கு வரைக்கும் அந்த வகுப்புல இதேதான் நடக்கு. நாள் தவறாம வாராங்க, ஒண்ணு கேட்டா தெரியாதுங்காங்க.

பாத்துக்கிடுங்க, ஆன்லைன்ல ஒருத்தன் மண்டையிலயும் ஒண்ணும் ஏறல. அதத்தான் கட்டுரையில முடிவுரையா எழுதியிருக்கேன்.

ஒண்ணு மட்டும் எனக்கு விளங்கல. மத்தவங்க எல்லாம் தரையப் பாத்துக்கிட்டுத்தான் தெரியாதுன்னு சொல்லுச்சு. அந்தப் பிள்ள மட்டும் என் மொகத்தப் பாத்துச் சொன்னா.